யூதர் வீட்டுச் சடங்குப் பொருள்கள்: விலை கொடுத்து வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூத மரபில் சடங்குப் பொருள் அழகாக இருக்க வேண்டும் என்பது வெறும் ஆசை இல்லை, சமயச் சட்டத்திலேயே இடமுள்ள விஷயம். யாத்திராகமம் 15ஆம் அதிகாரத்தில் கடலைக் கடந்தவர்கள் பாடும் பாட்டின் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, யூதச் சமயச் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூத்தின் அறிஞர்கள் ஒரு பட்டியலே போடுகிறார்கள்: அழகான கூடாரம், அழகான எக்காளம், நல்ல மையில் நல்ல இறகால் தேர்ந்த எழுத்தர் எழுதிய தோரா (மோசேயின் ஐந்து ஆகமங்கள்) சுருள், அதைச் சுற்றி நேர்த்தியான பட்டு. தல்மூத்தின் இன்னொரு பகுதி இதற்கு வரம்பும் கட்டுகிறது. அழகுக்காக மூன்றில் ஒரு பங்கு வரை கூடுதலாகச் செலவழிக்கலாம் என்கிறது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வரிசை புரியும். பொருள் தன் வேலையைச் செய்ய வேண்டும். அது உறுதியான பிறகுதான் அழகுக்குச் செலவு. வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த வரிசை தலைகீழாகும்போதுதான். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய வெள்ளிப் பொருள் ஒருநாளும் பயன்படாமல் கண்ணாடி அலமாரிக்குள் போய்விடும்.

தமிழ் வாசகருக்கு இது எதற்கு என்று தோன்றலாம். நியூ ஜெர்சியிலும் லண்டனிலும் டொராண்டோவிலும் நம்மவர்களுக்கு யூத நண்பர்கள், உடன் வேலை பார்ப்பவர்கள், சில குடும்பங்களில் சம்பந்திகளே இருக்கிறார்கள். புதுமனை புகுவிழா, கல்யாணம், பையனுக்குப் பதின்மூன்று வயதாவதைக் கொண்டாடும் பார் மிட்ஸ்வா என்று அழைப்பு வருகிறது. எருசலேம் யாத்திரை போய் வருகிறவர்களும் ஏதாவது வாங்கி வருகிறார்கள். பரிசு கொடுக்கும் மனம் நல்லது. அந்த வீட்டில் அது உண்மையிலேயே எடுத்துப் புழங்கப்பட வேண்டும் என்றால் கொஞ்சம் விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

மெசூசா: உறைக்குக் கொடுக்கும் காசு

புதுவீட்டுக்குப் பரிசு என்றதும் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது மெசூசா, அதாவது வாசல் நிலையில் பொருத்துவது. கடையில் நாம் பார்ப்பது வெறும் உறை. வெள்ளி, கண்ணாடி, ஒலிவ மரம், எருசலேம் கல் என்று விதவிதமாக இருக்கும். ஆனால் கட்டளை அந்த உறையைப் பற்றியது இல்லை, உள்ளே இருக்கும் தோல் சுருளைப் பற்றியது. உபாகமம் 6:4 முதல் 9 வரையும் 11:13 முதல் 21 வரையும் உள்ள வசனங்கள், 22 வரிகளில், 713 எழுத்துகளாக, சமய விதிப்படி ஏற்ற விலங்கின் தோலில், பயிற்சி பெற்ற எழுத்தர் இறகோ நாணலோ கொண்டு கையால் எழுதியிருக்க வேண்டும். ஓர் எழுத்து பக்கத்து எழுத்தைத் தொட்டாலோ, மை வெடித்து எழுத்தின் உருவம் உடைந்தாலோ அந்தச் சுருள் செல்லாது. எழுதும் வரிசைகூடத் தவறக் கூடாது. முன்னால் ஓர் எழுத்து விட்டுப்போனது பின்னால் தெரியவந்தால், திரும்பிப் போய் அதைச் சேர்க்க முடியாது.

சுற்றுலாக் கடைகளில் விற்கும் பல மெசூசாக்களில் உள்ளே இருப்பது அச்சடித்த தாள். அழகுக்கு வைத்துக்கொள்ளலாமே தவிர, சமயம் கடைப்பிடிக்கும் வீட்டில் அதை நிலையில் பொருத்த மாட்டார்கள். அச்சையும் கையெழுத்தையும் பிரித்தறிய ஒரு வழி சொல்கிறேன். சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். எழுத்தர் எழுதுமுன் கூரான கருவியால் தோலில் மை இல்லாமல் கோடு கீறிக்கொள்வார். அந்தக் கீறல் மெல்லிய பள்ளமாகத் தெரியும். எழுத்துகள் கோட்டின் மேல் உட்காராமல், கோட்டிலிருந்து கீழே தொங்குவதுபோல இருக்கும். மையும் தோலின் மேல் லேசாகப் புடைத்து, கொஞ்சம் பளபளப்பாக நிற்கும். அச்சுத் தாளில் இந்தப் பள்ளம் இருக்காது. ஆனால் தோலிலேயே அச்சடித்தவையும் உண்டு, கையால் எழுதியதிலும் பிழை இருக்கலாம். அதனால் கண்ணால் பார்ப்பது முதல் சல்லடைதான். எழுத்தர் யார், யார் சரிபார்த்தது என்று சொல்லும் சான்றோடு, நம்பகமான இடத்தில் வாங்குவதே வழி.

அடுத்த சிக்கல் அளவு. சுருள்கள் 7, 10, 12, 15 சென்டிமீட்டர் உயரங்களில் கிடைக்கின்றன. கலைஞர் ஒருவர் ஆசையாகச் செய்த உறையின் உள்ளறை 6 சென்டிமீட்டர்தான் என்றால், 10 சென்டிமீட்டர் சுருளை மடித்துத் திணிக்கும் ஆசை வரும். மடித்தால் எழுத்து வெடிக்கும், சுருள் போச்சு. சுருளை முதலில் வாங்குங்கள், உறையை அப்புறம் தேடுங்கள். நல்ல சுருள் உறையைவிட விலை கூடுதலாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், அதுதான் நியாயமான விலைப் பங்கீடு.

வீட்டு மெசூசாவை ஏழு ஆண்டுகளில் இரண்டு முறை எடுத்துச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. ஆகவே, பசை போட்டு நிரந்தரமாக மூடிய உறை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். பின்பக்கமோ அடிப்பக்கமோ திறக்க வேண்டும். நிலையில் பொருத்த மேலும் கீழும் பிடிமானம் இருக்க வேண்டும். வாசலுக்கு வெளியே வெயிலும் மழையும் படுகிற இடம் என்றால் மெருகு போடாத மரம் சில ஆண்டுகளில் வெடித்துவிடும். அங்கே உலோகமோ மெருகிட்ட பீங்கானோ மேல்.

பொருத்தும் முறையும் உறையின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. உள்ளே நுழையும்போது வலப்பக்க நிலையில், மேல் மூன்றில் ஒரு பாகத்தின் தொடக்கத்தில் வைப்பார்கள். அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்) வழக்கத்தில் மேல்முனை அறையை நோக்கிச் சாய்ந்திருக்கும். செஃபார்தி (ஸ்பெயின் வழிவந்த யூதர்) வழக்கத்தில் நேராக நிற்கும். சாய்த்து வைக்கிற வீட்டில், நிலைச் சட்டம் குறுகலாக இருந்தால் அகலமான உறை உட்காரவே உட்காராது. நண்பரின் வாசலை ஒரு முறை பார்த்துவிட்டு வாங்குவதுதான் சரி.

யூதர் அல்லாத நாம் பரிசளிக்கும்போது என் யோசனை இதுதான்: உறையை மட்டும் நல்லதாக வாங்கிக் கொடுங்கள். சுருளை அவர்களே தங்கள் சமய குருவான ரபியைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். அது கஞ்சத்தனம் ஆகாது. அவர்களின் முடிவுக்கு விட வேண்டியதை அவர்களுக்கே விடுகிறோம்.

கித்துஷ் கிண்ணம்

வாராந்தர ஓய்வுநாளான ஷப்பாத் தொடங்கும் வெள்ளிக்கிழமை இரவில் திராட்சை மதுவைக் கையில் ஏந்தி ஆசி சொல்லும் கிண்ணம் இது. கல்யாணத்துக்கும் பார் மிட்ஸ்வாவுக்கும் குழந்தை பிறந்ததற்கும் கொடுக்கலாம் என்பதால் அதிகம் விற்பதும் இதுதான். இங்கே நடக்கும் தவறு, கொள்ளளவைப் பார்க்காமல் விடுவது. குறைந்தபட்ச அளவு ஒன்று உண்டு. சமயச் சட்ட அறிஞர் ரபி ஹயீம் நாஎ கணக்குப்படி 86 மில்லி. ஹசோன் இஷ் என்ற இன்னோர் அறிஞரின் வழியைப் பின்பற்றுகிறவர்களுக்கு ஏறத்தாழ 150 மில்லி. கைக்கடக்கமாக, அழகாகச் செதுக்கிய சின்னக் கிண்ணங்கள் பல 60, 70 மில்லியில் நின்றுவிடும். மது அருந்தச் சரி, கித்துஷ் சொல்ல முடியாது. கடையிலேயே அளவுக் குவளையில் தண்ணீர் எடுத்து ஊற்றிப் பார்க்கச் சொல்லலாம், நல்ல விற்பனையாளர் கோபித்துக்கொள்ள மாட்டார். 150 மில்லிக்குச் சற்று மேலே பிடிக்கிற கிண்ணம் என்றால் எந்த வீட்டுக்கும் பொருந்தும். அதற்காகப் பிரம்மாண்டமாகவும் போக வேண்டாம். கிண்ணத்தை நிரப்பித்தான் ஆசி சொல்வார்கள். அரை லிட்டர் கோப்பை என்றால் வாரா வாரம் ஒரு பாட்டிலில் மூன்றில் இரண்டு பங்கு அதற்கே போய்விடும்.

உட்புறத்தைப் பாருங்கள். மதுவின் புளிப்பு செம்பையும் பித்தளையையும் அரிக்கும், அதனால் பூச்சில்லாத செம்பு, பித்தளை வேண்டாம். நல்ல வெள்ளிக் கிண்ணங்களில் பலவற்றில் உட்புறம் தங்க முலாம் பூசியிருப்பார்கள். பழைய பியூட்டர் (வெள்ளீயக் கலவை) கிண்ணங்களில் ஈயம் கலந்திருக்கலாம். பார்வைக்கு வைத்தால் போதும். கையால் வனைந்த பீங்கான் என்றால் மெருகு உணவுக்கு ஏற்றதுதானா என்று கேட்டுவிடுங்கள். அலங்காரத்துக்கு மட்டும் என்று அடியில் எழுதியிருக்கிற தட்டுகளை நானே பல கடைகளில் பார்த்திருக்கிறேன். விளிம்பு உடைந்த, விரிசல் விட்ட கிண்ணம் பழம்பொருளாக எவ்வளவு மதிப்புள்ளதாக இருந்தாலும் கித்துஷுக்கு எடுக்க மாட்டார்கள்.

பரிசு கொடுக்கிற நம்மைத் தொடும் ஒரு விதி இங்கே வருகிறது. யூதர் அல்லாதவரிடமிருந்து வந்த உலோக, கண்ணாடி உணவுப் பாத்திரங்களைப் பயன்படுத்துமுன் மிக்வே எனும் சடங்கு நீர்நிலையில் முக்கி எடுப்பார்கள். எண்ணாகமம் 31ஆம் அதிகாரத்தில் இதற்கு வேர் இருக்கிறது. கிண்ணத்தைக் கொடுத்த மறுநாள் நண்பர் அதை எடுத்துக்கொண்டு போய் முக்கினார் என்று கேள்விப்பட்டு, நம் கை பட்டது தீட்டு என்று நினைத்துவிட்டார்களோ என வருந்த வேண்டியதில்லை. மேசைக்கு வரப்போகும் பாத்திரம் என்பதால் செய்கிறார்கள், பயன்படுத்தப் போகிறார்கள் என்பதற்கு அதுவே அடையாளம். நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான். தண்ணீர் பாத்திரத்தின் எல்லாப் பக்கமும் தொட வேண்டும் என்பதால், விலைச் சீட்டையும் அதன் பசையையும் சுத்தமாக எடுத்துவிட்டுக் கொடுங்கள். மெழுகுவத்தித் தண்டு, மெசூசா உறை, எட்டு நாள் விளக்குத் திருநாளான ஹனுக்காவின் விளக்கு போன்றவை உணவுப் பாத்திரம் இல்லை, அவற்றுக்கு இது கிடையாது.

சாப்பிடுமுன் கைகழுவும் இரட்டைக் கைப்பிடிக் குவளையும் உண்டு. அதில் பார்க்க வேண்டியது விளிம்பு. ஜக்கில் இருப்பதுபோல மூக்கு வைத்த குவளை வேண்டாம். விளிம்பு சுற்றிலும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும், ஓட்டை இருக்கவே கூடாது.

ஏழு கிளையா, ஒன்பது விளக்கா

எருசலேம் கடைத்தெருவில் கண்ணைப் பறிப்பது ஏழு கிளை மெனோரா, அதாவது கிளை விளக்கு. பழைய ஆலயத்தில் இருந்ததும் அதுதான், 1949 முதல் இஸ்ரேல் நாட்டின் சின்னத்தில் இருப்பதும் அதுதான். ஆனால் ஹனுக்காவுக்கு ஏற்றுவது ஒன்பது விளக்குள்ள ஹனுக்கியா: எட்டு இரவுகளுக்கு எட்டு, ஏற்றிவைக்க ஒன்று. ஆலயத்தின் ஏழு கிளை விளக்கை அப்படியே செய்து வைப்பதற்கே தல்மூத்தில் தடை இருக்கிறது. ஆகவே சமயப் பிடிப்புள்ள நண்பருக்கு ஹனுக்கா பரிசாக ஏழு கிளை விளக்கைக் கொடுத்தால் அவருக்குச் சங்கடம். நம் ஊர்த் தேவாலயத்துக்கோ வீட்டுக்கோ நினைவுப் பொருளாக வாங்குகிறவர்களின் கணக்கு வேறு.

ஒன்பது இருக்கிறது என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. எட்டு விளக்குகளும் ஒரே உயரத்தில், ஒரே வரிசையாக நிற்பதே பாதுகாப்பான தேர்வு. ஒன்பதாவதான ஷமாஷ் உயரத்தாலோ இடத்தாலோ தனித்துத் தெரிய வேண்டும். அன்றைக்கு எத்தனையாவது இரவு என்று தெருவில் போகிறவர் பார்த்ததும் எண்ணிவிட முடிய வேண்டும், அதுதான் நோக்கம். அலை அலையாக ஏறி இறங்கும் நவீன வடிவங்கள் சில சிற்பமாக அருமையாக இருக்கும். கண்டிப்பான குடும்பத்துக்கு அவை ஒத்துவராது. தீபங்கள் நெருங்கி நின்று சுடர்கள் ஒன்றோடொன்று கலந்தாலும் செல்லாது, அது தீப்பந்தம் ஆகிவிடும். கடையில் மெழுகுவத்தி இல்லாமல் வெறும் குழிகளைப் பார்க்கும்போது இந்த நெருக்கம் தெரியாது. இரண்டு குழிகளுக்கு நடுவே ஒரு விரலாவது தாராளமாகப் போகிறதா என்று பாருங்கள்.

இருட்டிய பிறகு அரை மணி நேரமாவது விளக்கு எரிய வேண்டும். ஹனுக்கா மெழுகுவத்திப் பெட்டியில் 44 இருக்கும். முதல் இரவு இரண்டில் தொடங்கி எட்டாம் இரவு ஒன்பதில் முடியும் கூட்டுத்தொகை அது. அந்த ஒல்லியான மெழுகுவத்தி மற்ற நாள்களுக்குப் போதும். வெள்ளிக்கிழமை மட்டும், ஷப்பாத் தொடங்குமுன், அதாவது சூரியன் மறையுமுன்பே ஏற்றிவிட வேண்டும் என்பதால், ஒரு மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டியிருக்கும். அன்றைக்குக் கொஞ்சம் தடித்த மெழுகுவத்தியோ ஒலிவ எண்ணெயோ வேண்டும். ஆகவே எண்ணெய்க் கிண்ணம் வைக்கவும் வசதியுள்ள ஹனுக்கியா என்றால் இன்னும் நல்லது. மரத்தில், ரெசினில் செய்தவற்றில் ஒவ்வொரு குழிக்குள்ளும் உலோகக் கிண்ணம் பதித்திருக்கிறதா என்று பாருங்கள். எட்டாம் இரவில் ஒன்பது சுடர் சேர்ந்து எரியும்போது சூடு சாமானியமாக இருக்காது.

925 என்ற முத்திரை சொல்வதும் சொல்லாததும்

ஷப்பாத் மெழுகுவத்தித் தண்டுகளிலிருந்து இதைத் தொடங்கலாம். வெள்ளி விஷயத்தில் ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான். அடியில் 925 என்று (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) முத்திரை இருக்கும், கையில் எடுத்தால் கனமாகவும் இருக்கும். கெட்டி வெள்ளி என்று நினைத்துக்கொள்வோம். ஆனால் பல தண்டுகளில் மேலே மெல்லிய வெள்ளித் தகடு மட்டும்தான் இருக்கும், சாயாமல் நிற்பதற்காக உள்ளே சிமெண்டோ பிசினோ நிரப்பியிருப்பார்கள். முத்திரை பொய் இல்லை, அந்தத் தகடு 925 வெள்ளிதான். நிரப்பப்பட்டது என்று அடியில் சின்ன எழுத்தில் குறித்தும் இருப்பார்கள். மொத்த எடையை வெள்ளி விலையால் பெருக்கி விலை சரிதான் என்று முடிவுகட்டுவதுதான் தவறு. வெள்ளி மட்டும் எத்தனை கிராம், செய்கூலி எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். இப்படி நிரப்பிய தண்டை மெழுகு எடுக்கக் கொதிநீரில் போட்டால் உள்ளே இருப்பது இளகிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.

மின்னாற்பகுப்பு முறையில் ஓர் அச்சின் மேல் வெள்ளியைப் படலமாகப் படிய வைத்துச் செய்யும் பொருள்களும் நிறைய வருகின்றன. பார்க்கப் பெரிதாக, அலங்காரமாக, விலை குறைவாக இருக்கும். அழுத்தினால் நசுங்கும், நசுங்கினால் எடுக்க முடியாது. வெள்ளி முலாம் பூசியதை விற்பதில் தப்பில்லை. கெட்டி வெள்ளியின் விலையைச் சொல்வதுதான் தப்பு. அனோடைஸ் செய்த அலுமினியத்தை மட்டம் என்று ஒதுக்கவும் வேண்டாம். கறுக்காது, கனக்காது, இளம் தம்பதியின் சின்ன வீட்டுக்கு அது பொருத்தமான தேர்வு.

கைவேலை என்ற சொல்லைக் கடைக்காரர்கள் தாராளமாகப் பயன்படுத்துவார்கள். யெமன் நாட்டு யூதர்கள் வெள்ளிக் கம்பி வேலையில் பெயர் பெற்றவர்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து எருசலேமுக்குக் குடிபெயர்ந்த இவர்களின் கைத்திறனை, 1906இல் போரிஸ் ஷாட்ஸ் தொடங்கிய பெசலேல் கலைப்பள்ளி பயன்படுத்திக்கொண்டது. அந்தப் பெயருக்கு இன்றும் சந்தையில் மதிப்பு உண்டு, அதனால் போலியும் உண்டு. உண்மையான கம்பி வேலையை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். இரண்டு மெல்லிய கம்பிகளை முறுக்கி, பிறகு தட்டையாக்கி, சுருள் சுருளாக வளைத்துச் சட்டத்துக்குள் பொருத்தியிருப்பார்கள். தட்டையான கம்பியின் ஓரத்தில் முறுக்கின் தடம் நுண்ணிய பல் பல்லாகத் தெரியும். சுருளுக்கும் சுருளுக்கும் நடுவே வெளிச்சம் ஊடுருவும். தொடும் இடங்களில் பற்றவைத்த புள்ளி இருக்கும். ஒரே மாதிரியான இரண்டு பூக்களை ஒப்பிட்டால் எங்காவது இம்மியளவு வித்தியாசம் இருக்கும். அச்சில் வார்த்ததில் அந்தப் பல் மழுங்கிக் கிடக்கும், இடைவெளிகள் பாதி அடைபட்டிருக்கும், இரண்டு பூவும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும். கட்டாக், கரீம்நகர் வெள்ளி வேலைகளைக் கையில் எடுத்துப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடும். ஷப்பாத் முடிவில் நடக்கும் ஹவ்தலா சடங்கில் கிராம்பு போன்ற நறுமணப் பொருள் வைக்கும் கோபுர வடிவப் பேழையில் இந்த வேலையை மிக அழகாகப் பார்க்கலாம். அதில் ஒன்று வாங்கினால், சின்னக் கதவு திறக்கிறதா, மணம் வெளியே வருகிறதா என்பதையும் பாருங்கள். முகர்வதற்காகத்தான் அது.

பழம்பொருள் வாங்குகிறவர்களுக்கு எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். சாதாரணப் பழைய வெள்ளிக் குவளையில் புதிதாக எபிரேய எழுத்தை வெட்டி, சடங்குப் பொருள் என்று பல மடங்கு விலைக்கு விற்பது உலகெங்கும் நடக்கிறது. குவளையின் மற்ற வேலைப்பாடு தேய்ந்து மழுங்கியிருக்க, எபிரேய எழுத்தின் விளிம்பு மட்டும் கூராக விரலில் உரசினால் சந்தேகப்படுங்கள். முத்திரையும் பேசும். ரஷ்யப் பேரரசில் 84 என்ற எண் 875 தரத்தைக் குறித்தது. ஜெர்மனியில் பிறையும் கிரீடமும் 800 என்ற எண்ணும் சேர்ந்த முத்திரை 1888இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த முத்திரையோடு ஒரு பொருளை 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் வேலை என்று யாராவது காட்டினால், பணப்பையை மூடிவிடலாம். நமக்குப் பக்கத்தில் மட்டாஞ்சேரியில், 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருவில் பழம்பொருள் கடைகள் நிறைய. கொச்சி யூதர்களில் பெரும்பாலானவர்கள் 1950களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். தாவீதின் நட்சத்திரம் பொறித்த பித்தளை விளக்கு எல்லாம் அவர்கள் வீட்டிலிருந்து வந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது. யார் வீட்டுப் பொருள், எப்போது கைமாறியது என்பதற்கு எழுத்து ஆதாரம் இல்லாவிட்டால் பித்தளையின் விலையை மட்டும் கொடுங்கள்.

நிறைய வேலைப்பாடு இருந்தால்தான் மரபு என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம். லுட்விக் வோல்பெர்ட் 1930இல் ஜெர்மனியில் செய்த, எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பஸ்கா பண்டிகை விருந்துக்கான தட்டு வெள்ளி, கருங்காலி, கண்ணாடி மூன்றே பொருளால் ஆனது. நேர்க்கோடுகள்தான், ஒரு பூகூடக் கிடையாது. யூதச் சடங்குக் கலையில் நவீனத்தைத் தொடங்கிவைத்த வேலைகளில் அதை முன்னால் வைக்கிறார்கள். நண்பர் வீடு எளிமையான வீடு என்றால் கொடிகளும் சிங்கங்களும் நிறைந்த பொருளைவிட அப்படியொரு பொருள்தான் மேசைக்கு வரும்.

வீட்டு வழக்கம் தெரியாமல் வாங்குவது

சில பொருள்களுக்கு அந்தக் குடும்பத்திடம் ஒரு வார்த்தை கேட்காமல் கைவைக்கக் கூடாது. மெழுகுவத்தித் தண்டு குறைந்தது இரண்டு என்பது பொது வழக்கம், சில வீடுகளில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒன்று சேர்த்து ஏற்றுவார்கள். ஏற்றிய பிறகு சனிக்கிழமை இரவு வரை அதை நகர்த்த மாட்டார்கள். ஆகவே ஆடும் அடிப்பாகமுள்ள உயரமான தண்டு, கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு ஆபத்து. அகலமான அடியும், கீழே வைக்க ஒரு தட்டும் இருந்தால் நிம்மதி.

பஸ்கா தட்டை மற்ற நாள்களில் ரொட்டி வைக்கப் பயன்படுத்த மாட்டார்கள். புளித்த மாவு பட்ட பாத்திரம் பஸ்காவுக்கு ஆகாது. இரண்டுக்கும் பயன்படும் தட்டு என்று யாராவது விற்றால் அவருக்கு விவரம் போதாது. வெள்ளித் தட்டு என்றால் அந்த விருந்தில் அதில் வைக்கும் ஆறு பண்டங்களுக்கும் தனிக் கண்ணாடிக் கிண்ணங்கள் இருக்க வேண்டும். முட்டையில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். ஷப்பாத் ரொட்டிக்கு உப்பு வைக்கும் வெள்ளிச் சிமிழுக்கும் இதே கதைதான், உள்ளே கண்ணாடி இல்லாவிட்டால் உப்பு அரித்துவிடும்.

ஜெபச் சால்வையான தாலித்தைப் பொதுவாகக் குடும்பத்தாரே வாங்குவார்கள். கம்பளியும் லினனும் கலந்த துணி உபாகமம் 22இன்படி கூடாது. மூலைக் குஞ்சங்களின் நூலை அந்தச் சடங்குக்காகவே என்ற எண்ணத்தோடு நூற்றிருக்க வேண்டும், முடிகிறவரும் யூதராக இருக்க வேண்டும். கைவண்ணம் தீட்டிய பட்டுச் சால்வை கண்ணுக்கு எவ்வளவு இதமாக இருந்தாலும், இதெல்லாம் உறுதியாகத் தெரியாமல் வாங்காதீர்கள். அதற்குப் பதிலாக, சால்வை வைக்கும் பையை நல்ல பூவேலையோடு கொடுக்கலாம்.

எக்காளமான ஷோஃபாரில் பளபளப்பு ஆகாது. வாய் வைக்கும் இடத்தில் தங்கம் பூசினால் செல்லாது என்று தல்மூத்தே சொல்கிறது. வெளிப்பூச்சு ஒலியை மாற்றினாலும் செல்லாது. பசு மாட்டுக் கொம்பு ஆகாது, ஆட்டுக்கடாக் கொம்பே முதல் தேர்வு. ஓட்டை, விரிசலைப் பசையால் அடைத்து மேலே வெள்ளித் தகடு போர்த்தியவையும் உண்டு, அதனால் போர்த்தாத கொம்பாகப் பாருங்கள்.

திருமண ஒப்பந்தமான கெத்துபாவை ஓவியத்தோடு எழுதிக் கொடுக்கும் கலை பழையது. இத்தாலியிலும் கொச்சியிலும் அழகழகாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் அது சட்ட ஆவணம். அதன் வாசகத்தை மணம் நடத்திவைக்கும் ரபி ஒப்புக்கொண்டாக வேண்டும். ஆச்சரியப் பரிசாக இதைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

பெயர் வெட்டுவதும் நாள் பார்ப்பதும்

பரிசுப் பாத்திரத்தில் பேர் வெட்டுவது நமக்குப் பழக்கமானதுதான். எபிரேயத்தில் வெட்டும்போது பிழை எளிதாக நுழைந்துவிடும். எபிரேயம் வலமிருந்து இடம் போகும். அதைத் தாங்காத மென்பொருளில் ஒட்டினால் எழுத்துகள் தலைகீழ் வரிசையில் விழும், வெட்டுகிறவருக்கு எபிரேயம் தெரியாவிட்டால் கவனிக்கவும் மாட்டார். ஐந்து எழுத்துகளுக்குச் சொல்லின் கடைசியில் வேறு வடிவம் உண்டு, அதிலும் தவறு வரும். இணைய மொழிபெயர்ப்பை நம்பிப் பெயரை எழுதாதீர்கள். ஒரே பெயரைக் குடும்பங்கள் வெவ்வேறு விதமாக எழுதுகின்றன. குடும்பத்தில் ஒருவரிடம் கையால் எழுதி வாங்கி, படமெடுத்து, கடைக்காரர் அனுப்பும் மாதிரியை அவரிடமே திருப்பிக் காட்டிச் சரி வாங்கிய பிறகுதான் வெட்டச் சொல்ல வேண்டும்.

தேதியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. யூத நாள்காட்டியில் நாள் சூரியன் மறைந்ததும் தொடங்கிவிடும். ஞாயிறு இரவு எட்டு மணிக்குத் தாலி... இல்லை, மோதிரம் மாற்றினார்கள் என்றால் எபிரேயத் தேதி அடுத்த நாளுடையது. வசனம் பொறிக்க ஆசைப்பட்டால், கடவுளின் நான்கெழுத்துப் பெயர் வரும் வசனத்தைத் தவிர்த்துவிடுங்கள். அந்தப் பெயர் எழுதிய பொருளைச் சாதாரணமாகத் தூக்கிப்போட முடியாது, கண்ட இடத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. பெயரும் தேதியும் போதும்.

கொடுக்கும் நேரம் கடைசியாக. ஷப்பாத் விருந்துக்கு அழைத்திருக்கிறார்கள் என்று வெள்ளிக்கிழமை இரவு பரிசுப் பெட்டியோடு போய் நின்றால், கண்டிப்பான வீட்டில் அதை வாங்கிப் பிரிக்கத் தயங்குவார்கள். ஷப்பாத் அன்று பொருளை வீட்டுக்கு வெளியே தூக்கிச் செல்வதற்கும், பரிசு வாங்குவதற்கும் விதிகள் உண்டு. வெள்ளி மதியத்துக்குள் கொடுத்தனுப்புங்கள், அல்லது ஞாயிற்றுக்கிழமை நேரில் போங்கள். ஹனுக்கியா என்றால் முதல் இரவுக்கு ஒரு வாரம் முன்பாவது போய்ச் சேரட்டும், மெழுகுவத்தியோ எண்ணெய்க் கிண்ணமோ வாங்கிவைக்க அவர்களுக்கு நேரம் வேண்டும். கைவினைஞரின் பெயர், என்ன உலோகம், எப்படித் துடைக்க வேண்டும் என்று எழுதிய தாளையும் பெட்டியில் வையுங்கள். கம்பி வேலையில் வேண்டுமென்றே விட்டுவைத்த கருமையை, கரைசலில் முக்கிப் பளிச்சென்று ஆக்கிவிடுகிறவர்கள் உண்டு. கடையில் மாற்றிக்கொள்ளும் வசதி எத்தனை நாள் என்று கேட்டு, அதற்கான சீட்டை உறையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.